முட்டைக் கணக்கும் உரிமைக் கேள்வியும்: சத்துணவு வரலாற்றில் படியும் பாய்ச்சலும்

ஆய்வுச் சிக்கல்

பொதுக் கொள்கை படிப்படியாக மாறுகிறதா, திடீரென மாறுகிறதா என்பது பொது நிர்வாகவியலில் பழைய விவாதம். நிர்வாகிகள் எல்லா வழிகளையும் அடிவேரிலிருந்து ஆராய்ந்து முடிவெடுப்பதில்லை, கையிலிருக்கும் கொள்கையைச் சிறிது திருத்திப் பார்த்தே நகர்கிறார்கள் என்று 1959இல் அமெரிக்க அறிஞர் சார்லஸ் லிண்ட்புளோம் வாதிட்டார். சென்ற ஆண்டின் ஒதுக்கீடே இந்த ஆண்டு ஒதுக்கீட்டுக்கு அடித்தளம் என்று 1964இல் ஆரன் வில்டாவ்ஸ்கி நிதிநிலை அறிக்கைகளைக் கொண்டு விளக்கினார்.

ஃபிராங்க் பாம்கார்ட்னரும் பிரையன் ஜோன்ஸும் 1993இல் வேறொரு விளக்கம் தந்தனர். தொல்லுயிரியலில் எல்ட்ரெட்ஜும் கோல்டும் 1972இல் முன்வைத்த கருத்தைத் தழுவியது அது. கொள்கை நெடுங்காலம் அசையாமல் கிடக்கும். அதைப் பற்றிய பொதுப் பார்வை மாறும்போதோ, முடிவெடுக்கும் மன்றம் மாறும்போதோ சட்டென உடையும். தமிழ்நாட்டின் பள்ளி உணவுத் திட்டம் இவ்விரு விளக்கங்களையும் சோதிக்க ஏற்ற களம்.

ஓரணாவிலிருந்து சத்துணவு வரை

1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகக்கூடாது என்பது வரம்பு. 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றது. ஊர்மக்களின் நன்கொடை அதற்குத் துணைநின்றது. உணவு ஏழைப் பிள்ளைகளுக்கு என்பதே அடிப்படை. எனவே, ‘இந்தப் பிள்ளை ஏழையா?’ என்ற கேள்வி சோற்றுக்கு முன்னே நின்றது.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அக்கேள்வியை நீக்கியது. மையத்துக்கு வரும் பிள்ளை எதுவானாலும் அதற்குச் சோறு உண்டு. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மையத்துக்கு மூவர் அமர்த்தப்பட்டனர். செலவைக் காட்டி எதிர்த்தவர்கள் இருந்தும் திட்டம் நிலைத்தது. பாம்கார்ட்னரும் ஜோன்ஸும் கூறும் பார்வை மாற்றம் இதுவே: தானமாக இருந்தது அரசின் கடமையாயிற்று.

முட்டையின் கணக்கு

அதன்பின் வந்தவை லிண்ட்புளோமின் படிகள். 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை, 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து. ஆட்சிகள் மாறின; தட்டில் ஏறிய முட்டை இறங்கவில்லை. எந்தப் படியும் பெரிதில்லை. ஆனால் 21 ஆண்டுகளில் முட்டையின் எண்ணிக்கை பத்து மடங்கானது.

மன்றம் மாறியபோது

1995இல் மத்திய அரசு நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கியது. எனினும் பல மாநிலங்கள் சமைக்காமல், மாதம் 3 கிலோ தானியத்தைக் கையில் கொடுத்தன. இந்நிலையை உடைத்தது சட்டமன்றமோ அமைச்சரவையோ அல்ல, உச்ச நீதிமன்றம். உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28இல் பிறப்பித்த இடைக்கால ஆணையில், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டுக்கு 200 நாளாவது தர வேண்டும் என்றது. ஆணை ஒரே நாளில் வந்தது. பல மாநிலங்களில் அடுப்பு எரிய ஆண்டுகள் பிடித்தன.

முடிவு

மாற்றத்தின் அளவைக் கொண்டு பாய்ச்சலையும் படியையும் பிரிப்பது பொருந்தாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பத்து மடங்கு கூடிய முட்டை படியாகவே வந்தது. ஆண்டுக்கணக்கில் நடைமுறைக்கு வந்த நீதிமன்ற ஆணையோ பாய்ச்சல். கேள்வி மாறும் இடமே பாய்ச்சல்: 1982இல் ‘யார் ஏழை?’ என்பது மறைந்தது. 2001இல் ‘சமைத்துத் தர வேண்டுமா?’ என்பது மறைந்தது. கேள்வி தீர்ந்தபின் எஞ்சுவது ‘எவ்வளவு?’ என்பதுதான். அதற்கான விடையைத்தான் அரசுகள் படிப்படியாக எழுதின.