காப்பீட்டுப் பிரிவு (பிரிட்டன்)

பிரிட்டனில் கார்களை அவற்றின் இழப்பீட்டுச் செலவு வாய்ப்பைப் பொறுத்து 1 முதல் 50 வரை தரப்படுத்தும் முறை. உதிரிபாக விலை, பழுதுபார்க்கும் நேரம், புதுக் காரின் விலை, வேகம், திருட்டுத் தடுப்பு வசதி ஆகியவை கணக்கில் கொள்ளப்படும். எண்ணை அடுத்து வரும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து, பாதுகாப்பு வசதி தேவைக்கு மேல் இருப்பதைக் குறிக்கும். தாட்சம் ஆய்வு மையம் மதிப்பீடுகளைச் செய்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் இவற்றை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

அங்கு 17 வயதில் கார் ஓட்டத் தொடங்கலாம். அனுபவமில்லாத இளைஞர்களுக்கு அடிப்படைப் பிரீமியமே அதிகம் என்பதால், உயர்பிரிவுக் கார் செலவை மேலும் கூட்டும். எனவே முதல் காராகப் பலர் ஹூண்டாய் ஐ10 போன்ற சிறிய எஞ்சின் கார்களை நாடுகின்றனர். ஒரே மாடலிலும் எஞ்சினுக்கேற்பப் பிரிவு மாறும். இந்தப் பிரிவு முறைக்கு மாற்றாக, 1 முதல் 99 வரை மதிப்பெண் தரும் புதிய முறை 2024இல் அறிமுகமானது.