காஞ்சிபுரத்துப் பழைய வீடுகளில் வெந்நீர் அமைப்பு மாற்றம்

விறகு அடுப்பையும் செம்புப் பாய்லரையும் நம்பிக் கட்டப்பட்ட வீடுகளில், அவற்றுக்குப் பதிலாக மின்சாரம், எரிவாயு அல்லது சூரிய வெப்பத்தால் இயங்கும் அமைப்பைப் பொருத்துவதே வெந்நீர் அமைப்பு மாற்றம். குளிர்நாடுகளில் பழைய வீட்டின் வெப்ப அமைப்பை மாற்றுவது அறைகளைச் சூடாக்கும் ஏற்பாட்டைப் பற்றியது. காஞ்சிபுரத்தில் மார்கழியிலும் விடியற்கால வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருப்பதால் அறைகளுக்கு அந்தத் தேவை இல்லை. குளிக்கும் நீருக்குத்தான் சூடு வேண்டும். தீபாவளி எண்ணெய்க் குளியல், மார்கழி விடியல் நீராட்டு, முதியவர்கள், கைக்குழந்தைகள், பிள்ளை பெற்ற பெண்கள் என அந்தத் தேவை ஆண்டுதோறும் வருகிறது.

பழைய முறை

சன்னதித் தெருக்களிலும் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளிலும் உள்ள பழைய வீடுகள் முகப்பு குறுகி, உள்ளே நீண்டு செல்பவை. திண்ணை, கூடம், முற்றம் தாண்டிப் பின்கட்டில் கிணறும் குளியலிடமும் இருக்கும். தவலையை அடுப்பில் ஏற்றியோ, நடுவே புகைக்குழாய் வைத்த செம்புப் பாய்லரில் தேங்காய் மட்டை, சிரட்டை, சவுக்கு விறகு போட்டோ நீர் காய்ச்சினார்கள். எரிபொருள் மலிவாகக் கிடைத்தது. ஆனால் திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். புகை அடுப்பு மூட்டுபவரின் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். தறி உள்ள வீட்டில் கரி படிந்தால் பாவுக்கும் சரிகைக்கும் கேடு. கொல்லையில் அறைகளும் கழிப்பறையும் கட்டப்பட்ட பிறகு அடுப்புக்கு இடமும் இல்லாமல் போனது.

பட்டு நூலின் பசையை நீக்கும் வேலைக்கும் சாயமேற்றுவதற்கும் காய்ச்சும் நீர் வேறு வகை. பசை நீக்கத்துக்கு நீர் கொதிநிலையை நெருங்க வேண்டும். வீட்டு ஹீட்டர்கள் இதற்கு ஏற்றவை அல்ல.

தேவையைக் கணக்கிடுதல்

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். 25 டிகிரியில் உள்ள 100 லிட்டர் நீரைக் குளிக்கும் பதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர 1.75 யூனிட் மின்சாரம் ஆகும். ஐந்து பேர் ஆளுக்கு ஒரு வாளியாக நாள்தோறும் குளித்தால் இரண்டு மாதத்தில் 105 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு வழங்கப்படும் 100 யூனிட் இலவச மின்சாரம் முழுவதும் இதிலேயே கரைந்துவிடும். கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச அளவு 2016இல் 200 யூனிட்டாகவும் 2023இல் 300 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டதால், அவர்களுடைய கணக்கு சற்று மாறும்.

வீட்டை ஆராய்தல்

கருவியின் விலையைக் கேட்பதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன.

கூரை: மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தில் மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையிட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். 100 லிட்டர் சோலார் தொட்டியில் நீர் மட்டுமே 100 கிலோ. அந்தப் பாரத்தைத் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது. சுமைதாங்கும் சுவரின் மேல் வர வேண்டும். தட்டோட்டைத் துளைத்து ஆணி இறக்கினால் அடுத்த மழைக்கே ஒழுகும். உத்தரத்தில் கரையான் அரித்திருந்தால் முதல் செலவு அதற்கே. நாட்டு ஓட்டுக் கூரை இந்தப் பாரத்தைத் தாங்காது.

சுவர்: சுண்ணாம்பு அல்லது மண்சாந்தில் கட்டிய சுவர் சாதாரண ஆணிப் பிடிப்பில் 25 லிட்டர் கெய்சரைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. சுவரை ஊடுருவும் போல்ட்டோ தரையில் நிற்கும் இரும்புச் சட்டமோ தேவை.

மின்கம்பி: 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட பழைய கம்பி அதைத் தாங்காது. பல வீடுகளில் எர்த் கம்பியே இல்லை. மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பி, 16 ஆம்பியர் பிளக், முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் ஆகிய நான்கும் வேண்டும்.

நீர்: ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால் தொட்டியிலும் காயிலிலும் உப்பு படியும், காயில் விரைவில் எரிந்துபோகும்.

மாற்று முறைகள்

தொட்டி கெய்சர்: 10, 15, 25 லிட்டர் அளவுகளில் கிடைக்கும். எரிசக்தித் திறன் பணியகத்தின் (பி.இ.இ.) நட்சத்திரக் குறியீட்டைப் பார்த்து வாங்கலாம். இடம் குறைந்த வீட்டுக்கும் சிறு குடும்பத்துக்கும் இது ஏற்றது. வாளிக்குள் போடும் காயிலால் பலர் மின்தாக்குதலுக்கு ஆளாகியிருப்பதால் அதை நிரந்தர ஏற்பாடாகக் கொள்ளக் கூடாது.

எரிவாயு கெய்சர்: லண்டனில் 1868இல் பெஞ்சமின் மாகன் உருவாக்கிய எரிவாயு நீர்சூடாக்கியில் புகைபோக்கி இல்லை. அந்த ஆபத்து இன்னும் தீரவில்லை. காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, குளிப்பவர் மயங்கி இறக்க நேரிடும். கருவியைத் திறந்த கொல்லையின் வெளிச்சுவரில் மட்டுமே பொருத்த வேண்டும். உயரச் சிறு சன்னல் வைத்த பழைய குளியலறைக்குள் இதற்கு இடமே இல்லை.

சூரிய வெப்பம்: அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் சூரிய நீர்சூடாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று தட்டை வகை, கண்ணாடிக்குழாய் வகை என இரண்டு கிடைக்கின்றன. கடின நீருக்குக் கண்ணாடிக்குழாய் வகை பொருந்தும். செப்புக் குழாய் உள்ள தட்டை வகை உப்படைத்துவிடும். பலகை தெற்கு நோக்கி இருக்க வேண்டும். தென்னையோ பக்கத்து வீட்டு மாடியோ நிழல் தரக் கூடாது. வெந்நீர் அதிகம் வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடும். ஆகவே துணைக் காயில் உள்ள தொட்டியே பயன்படும். மாடியிலிருந்து கொல்லைவரை நீளும் குழாய் சி.பி.வி.சி.யாக, வெப்பக் காப்புறையுடன் இருக்க வேண்டும். சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகிவிடும்.

வெப்பப் பம்பு: வெளிக்காற்றின் வெப்பத்தை நீருக்கு மாற்றுவதால் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும். காஞ்சியின் வெதுவெதுப்பான காற்று இதற்குச் சாதகம். விலை அதிகம் என்பதால் கூட்டுக்குடும்பங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் பொருந்தும்.

தேர்வு

உறுதியான தளமும் நிழலற்ற மாடியும் உள்ள பெரிய குடும்பத்துக்குத் துணைக் காயிலுடன் கூடிய சோலார் சிறந்தது. ஓட்டுக் கூரையும் தறியும் உள்ள வீட்டுக்குப் புதுக் கம்பியில் இணைத்த 15 லிட்டர் கெய்சர் போதும். இரண்டிலும் கம்பி, குழாய், பிடிமானம் ஆகியவற்றுக்கான செலவைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். அதைக் குறைத்து மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

செம்புப் பாய்லரை எடைக்குப் போட அவசரப்பட வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபின் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அத்தகைய நாட்களில் கொல்லையில் விறகால் நீர் காய்ச்சும் வசதி வேண்டியிருக்கும். புதிய கருவி எதுவானாலும், வாங்குவதற்கு முன் கொத்தனார் ஒருவரும் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரும் வீட்டை ஒருமுறை பார்த்தாக வேண்டும்.