சங்கிலியில் இருந்து லேசர் வரை: தூரம் அளந்த கதையும் ஒரு கெடியின் கேள்வியும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன விடுமுறையில் எங்கள் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மலைநாட்டில் ஒரு கோல்ப் மைதானத்தில் கெடியாக வேலை செய்கிறார். விளையாட வருபவரின் பையைச் சுமப்பது, பந்து விழுந்த இடத்தைத் தேடுவது, கொடி எத்தனை யார் தூரத்தில் நிற்கிறது என்று சொல்வது, இதெல்லாம் கெடியின் வேலை.

"சேர், இப்ப வாற ஆக்கள் எல்லாரும் கையில லேசர் வெச்சிருக்காங்க. என்னட்ட தூரம் கேக்கிறதே கொறஞ்சிட்டு. நானும் ஒண்டு வாங்கினாத்தான் வேலை நிக்கும் போல" என்றார்.

அவர் பையில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, வெளிநாட்டுக்காரர் ஒருவர் பாவித்துவிட்டு விற்கக் கொடுத்த பழையது. மற்றது, தெரிந்த ஒருவர் இணையத்தில் எடுப்பித்த புத்தம் புதியது. புதியதன் விலை பழையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதை வாங்க மனைவியின் காப்பை அடகு வைக்கும் யோசனையில் இருந்தார். எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எது சேர் நல்லது?"

கோல்ப் கோலைக் கையால் தொட்டும் பார்க்காதவர்கள் நாங்கள். ஆனால் தூரம் அளப்பது வரலாற்றுப் பாடத்துக்கும் கணித பாடத்துக்கும் பொதுவான விடயம். ஆகவே கணித ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொண்டோம்.

முதலில் வரலாற்றுக்கு வருவோம்.

நாம் இன்றும் காணி வாங்கும்போது பேர்ச் கணக்கில்தான் பேசுகிறோம். அந்தப் பேர்ச்சுக்கும் ஒரு சங்கிலிக்கும் தொடர்பு உண்டு. 1620ஆம் ஆண்டளவில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட அளவுச் சங்கிலியைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். அதன் காற்பங்கு 16.5 அடி. நான்கு பக்கமும் 16.5 அடி உள்ள சதுரம்தான் ஒரு பேர்ச். அப்படி 160 பேர்ச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். எங்கள் பிள்ளைகள் விளையாடும் கிரிக்கெட்டிலும் அந்தச் சங்கிலி இருக்கிறது. 66 அடி என்றால் 22 யார், அதாவது ஆடுகளத்தின் நீளம்.

1800 ஆகஸ்டில் இலங்கையில் நில அளவைத் திணைக்களம் தொடங்கப்பட்டது. 1802இல் சென்னையின் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் 100 அடி உருக்குச் சங்கிலியைத் திரும்பத் திரும்பக் கிடத்தி, சுமார் 12 கிலோமீற்றர் நீளமான ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவை அளந்த பெரும் முக்கோண அளவை அந்தக் கோட்டில் இருந்துதான் வளர்ந்தது. லாம்டனின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. வெயிலில் சங்கிலியை இழுத்தவர்களின் பெயர்களை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. இதை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடிக்கோடு ஒன்று அளந்துவிட்டால் மற்றத் தூரங்களை நடந்து அளக்கத் தேவையில்லை, கோணம் போதும். இந்த அறிவு லாம்டனுக்கு மிகவும் முந்தியது. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டைப் பக்கம் நின்று அல்பிரூனி உலகத்தின் அளவையே கணக்கிட்டார். மலையின் உயரத்தைக் கோணங்களால் கண்டார். பிறகு உச்சியில் ஏறி, அடிவானம் கண்மட்டத்தில் இருந்து எவ்வளவு கீழே தெரிகிறது என்று அளந்தார். அதில் இருந்து பூமியின் ஆரையைக் கணக்கிட்டார். அந்த விடை இன்றைய அளவுக்கு மிகக் கிட்டியது.

அந்தக் கோணக் கணக்கைக் கையில் தூக்கும் கருவியாக மாற்றச் சொன்னது யுத்தம். 1888இல் பிரித்தானிய யுத்த அலுவலகம் காலாட்படைக்குத் தூரமானி வேண்டும் என்று விளம்பரம் செய்தது. ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரவுட் என்ற இரண்டு பேராசிரியர்கள் அதற்குக் கருவி செய்தார்கள். நீண்ட குழாயின் இரு முனைகளிலும் இரண்டு கண்கள் போலக் கண்ணாடிகள். இரண்டிலும் தெரியும் காட்சியை ஒன்றாகப் பொருத்தும்போது தூரம் தெரியும். காலாட்படைக்குச் செய்த அந்த முயற்சி பிறகு கடற்படையில்தான் பெரிதாகக் கைகொடுத்தது.

1960 மே 16ஆம் திகதி அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்பவர் மாணிக்கப் பளிங்கு ஒன்றில் இருந்து முதலாவது லேசர் ஒளியை எடுத்தார். சில ஆண்டுகளிலேயே லேசர் தூரமானிகள் படைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1969 ஜூலையில் அப்பலோ 11 வீரர்கள் சந்திரனில் ஒரு தெறிப்புக் கருவியை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியில் இருந்து அனுப்பும் லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்பி வர ஏறத்தாழ இரண்டரை செக்கன்கள் எடுக்கும். சந்திரன் வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் அளவில் எங்களை விட்டு விலகிப் போகிறது என்பது அப்படி அளந்துதான் தெரிந்தது.

கோல்ப்காரரின் கையில் உள்ள சிறு கருவியும் அதே வேலையைத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 150 மீற்றருக்கு அப்பால் உள்ள கொடிக்குப் போய் வர ஒளிக்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு போதும். ஒரு யார் பிழைக்குள் சொல்ல வேண்டுமானால், ஒரு செக்கனின் 100 கோடியில் 6 பங்கு நேரத்தைக்கூட அந்தக் கருவி பிரித்தறிய வேண்டும்.

லேசர் வருவதற்கு முன் கோல்பில் என்ன செய்தார்கள்? கண்ணால் மதித்தார்கள், கெடியைக் கேட்டார்கள். 1961இல் அமெரிக்க அமெச்சூர் போட்டிக்கு முன், நண்பர் டீன் பீமனின் ஆலோசனைப்படி ஜக் நிக்லஸ் பெபிள் பீச் மைதானத்தை அடி அடியாக நடந்து அளந்து குறித்துக்கொண்டார். அந்தப் போட்டியில் வென்றவரும் அவர்தான். அப்படிக் கொப்பியில் தூரம் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் மெல்ல மெல்ல எல்லோரிடமும் பரவியது.

1990களில் புஷ்னெல் போன்ற நிறுவனங்கள் கையடக்க லேசர்களைக் கடைக்குக் கொண்டு வந்தன. விதிகள் மெதுவாகத்தான் வழிவிட்டன. 2006இல் இருந்து, அந்தந்தப் போட்டிக் குழு விரும்பினால் தூரமானியை அனுமதிக்கலாம் என்றானது. 2019இல், குழு தடுக்காவிட்டால் எல்லோரும் பாவிக்கலாம் என்று மாறியது. ஆனால் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியைப் போட்டியில் பாவிக்கக் கூடாது. தூரம் அறிவது உதவி, சரிவை மதிப்பது விளையாடுபவரின் திறமை என்பதுதான் அதன் கருத்து.

இனி எங்கள் பரிசோதனை.

இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பாவிக்கும் டேப்பை எடுத்து மைதானத்தில் 100 மீற்றரை அளந்து கோடு போட்டோம். முதலில் சுவரைக் குறி வைத்தோம். பழையது 109 என்றது, புதியது 100 என்றது. நின்ற மாணவர்கள் "பழசு பழுது சேர்" என்று சத்தம் போட்டார்கள். கணித ஆசிரியர் சிரித்தார். 100 மீற்றர் என்பது 109.4 யார். ஒன்று யாரிலும் மற்றது மீற்றரிலும் காட்டியது, அவ்வளவுதான். அலகு பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற பாடம் செலவில்லாமல் கிடைத்தது.

இரண்டையும் யாருக்கு மாற்றிவிட்டு, மெல்லிய கம்பு ஒன்றில் துணி கட்டி அதே தூரத்தில் நட்டோம். அதற்குப் பின்னால் 30 மீற்றரில் மாமரங்கள். இந்த இடத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. பத்துத் தரம் அளந்ததில் பழையது ஒன்பது தரம் கம்பைப் பிடித்தது. புதியது நாலு தரம்தான் பிடித்தது, மற்ற ஆறு தரமும் 142 என்று மாமரத்தின் தூரத்தைச் சொன்னது. கோல்ப் கொடிக்குப் பின்னாலும் அநேகமாக மரம்தான் நிற்கும். 33 யார் பிழை என்றால் பந்து கொடியைத் தாண்டிப் புதருக்குள் போகும். திட்டு யாருக்கு விழும்? கெடிக்குத்தான்.

அடுத்தது சரிவு. மேல்மாடியில் நின்று பார்த்தபோது புதியது சரிவைக் கணக்கிட்ட தூரத்தைப் பெரிதாகக் காட்டியது. பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் அந்த வசதியை நிறுத்தும் வழி எதுவும் அதில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. போட்டி நாளில் அதைப் பாவித்து அளந்தால் விளையாடுபவருக்கே தண்டனை. பழையதில் அந்த வசதியே இல்லை, ஆகவே பிரச்சினையும் இல்லை.

ஆக, தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை இவைதான். தெரிந்த தூரத்தில் வைத்துப் பலதரம் அளந்து பாருங்கள். சுவரை அல்ல, மெல்லிய கம்பைக் குறி வையுங்கள். கை நடுங்கினாலும் பிடிக்கிறதா என்று பாருங்கள். மழைத்தூறலும் பனிமூட்டமும் ஒளியைச் சிதறடிக்கும், ஆகவே மலைநாட்டுக்கு வாங்குவதானால் அங்கேயே ஒரு விடிகாலையில் சோதியுங்கள். சரிவு வசதி இருந்தால் அதை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். விலையைக் கடைசியாகப் பாருங்கள்.

மாணவர் பழையதை எடுத்துக்கொண்டார். அரைவாசிப் பணம் இப்போது, மிச்சம் இரண்டு மாதத்தில். காப்பு மனைவியின் கையிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

போகும்போது ஒரு சி.ஆர். கொப்பியைக் கொடுத்தோம். "ஆட்கள் வர முதல், விடிய நேரத்தோட மைதானத்த சுத்தி வாங்க. ஒவ்வொரு குழிக்கும் தூரத்த லேசரால எடுத்து எழுதுங்க. பக்கத்துலயே காத்து எந்தப் பக்கம் அடிக்கும், மழைக்குப் பிறகு பந்து எவ்வளவு உருளும், எங்க ஏற்றம் கண்ண ஏமாத்தும் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதையும் எழுதுங்க" என்றோம். முதல் விடயத்தைக் கருவி சொல்லும். மற்றதைப் பன்னிரண்டு வருடம் அந்தப் புல்லில் நடந்தவர்தான் சொல்ல முடியும்.

சங்கிலி இழுத்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி வைக்கவில்லை. அல்லது எழுத யாரும் அவர்களிடம் ஒரு கொப்பி கொடுக்கவில்லை. எங்கள் மாணவருக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

கடந்த வாரம் தொலைபேசியில் பேசினார். ஒன்பது குழிகள் எழுதி முடித்தாராம். லேசர் வைத்திருந்த ஒருவர் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, அடுத்த முறையும் இவரே வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் குடும்பத்தில் நில அளவைக்காரரோடு சங்கிலி பிடித்த வாப்பாவோ அப்பாவோ இருந்திருந்தால், அவர்கள் சொன்ன கதைகளைக் கீழே எழுதுங்கள். அடுத்த தவணை வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.

வஸ்ஸலாம்.