பாட்டியின் கையெழுத்தும் ஒரு பவர் பத்திரமும்

போன மாதம் சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு டாக்குமெண்ட் ரைட்டர் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாடம்பாக்கத்தில் பாட்டி பேரில் ஒரு கிரவுண்டு இருக்கு. தாத்தா வேலையில் இருந்தப்போ சீட்டு எடுத்து வாங்கிப் போட்டது. பாட்டிக்கு 84 வயசு, முழங்கால் சுத்தமா போச்சு. பட்டா, வரி என்று எங்கே போனாலும் "ஓனர் வரணும் சார்"ங்கிறாங்க. "பேரன் பேருக்கு ஒரு ஜெனரல் பவர் போட்டுடுங்க, வேலை முடிஞ்சுது"ன்னு யாரோ அப்பாவுக்கு யோசனை சொல்ல, அந்தப் பேரன் அடியேன்.

வரைவைப் படிச்சேன். விற்க, அடமானம் வைக்க, பணம் பெற்றுக்கொள்ள, வழக்குப் போட, ராஜியாக... நம்ம பாஷையில் சொல்லணும்னா ரூட் பாஸ்வேர்டு :-) எல்லாம் சரி, ஒரு விஷயம்தான் உறுத்திச்சு. கொஞ்ச நாளாக பாட்டி என்னை அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இருக்கிறதில்லை. இவங்க நாளைக்கு எல்லாத்தையும் மறந்துட்டா இந்த பேப்பர் என்ன ஆகும்? ரைட்டர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து நோண்ட ஆரம்பிச்சேன். அதுதான் இந்தப் பதிவு.

நம்ம ஊர் பவர் பத்திரத்துக்கு அடிப்படை இரண்டு பழைய சட்டங்கள். ஒன்று 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், இன்னொன்று 1882-ஆம் வருஷத்து பவர் ஆஃப் அட்டர்னி சட்டம். ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு சொல்வது: பவர் கொடுத்தவர் இறந்தாலோ, மனநிலை தவறினாலோ ஏஜென்ட்டின் அதிகாரம் அதோடு முடிந்தது. அதாவது பாட்டிக்கு இந்தப் பேப்பர் ரொம்பத் தேவைப்படுகிற நாளில்தான் இது செல்லாமல் போகும்!

அப்படின்னா நல்லதுதானே, யாரும் ஏமாற்ற முடியாதேன்னு தோணும். அங்கேதான் கோளாறு. ஞாபக மறதி ஒரு தேதி போட்டு வருவதில்லை. சார் பதிவாளர் ஆபீசில் பத்திரம் நீட்டுகிறவர் ஏஜென்ட். பாட்டி வீட்டில் கட்டிலில் இருக்கிறார். 208-வது பிரிவின்படி, அதிகாரம் முடிந்தது தெரியவரும் வரைக்கும் மூன்றாம் நபரைப் பொறுத்தவரை அது முடிந்ததாக ஆகாது. ஏஜென்ட் தனக்கு வேண்டியவருக்கு விற்று, அவர் இன்னொருவருக்கு விற்றுவிட்டால், கடைசியாக வாங்கியவர் "எனக்கு ஒண்ணும் தெரியாது, காசு குடுத்து வாங்கினேன்" என்பார். அதுக்கப்புறம் கோர்ட்தான். எண்பது வயசில் சிவில் கேஸ்!

வெளிநாடுகளில் இந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் முதலில் வர்ஜீனியா மாநிலம் 1954-ல், நினைவு தவறிய பிறகும் செல்லுபடியாகும் பவரைக் கொண்டு வந்தது. இங்கிலாந்தில் 1985-ல் ஒரு சட்டம், பிறகு 2005-ல் இன்னும் கறாரான ஒன்று. ஆனால் அங்கேயும் பூட்டு இருந்தால் திருடன் உண்டு. சிங்கப்பூரிலும் இதே மாதிரி சட்டம் 2010-ல் அமலுக்கு வந்தது. அங்கே பணக்கார விதவைப் பாட்டி ஒருவரின் பங்களாவில் சீனாவிலிருந்து வந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவர் 2009-ல் குடியேறினார். 2012-ல் அவர் பேருக்கே பவர். 2014-ல் பாட்டியின் உறவினர் கோர்ட்டுக்குப் போனபின் அது ரத்தானது. பாட்டியின் பணத்தில் 11 லட்சம் சிங்கப்பூர் டாலரைச் சுருட்டியதற்காக 2016-ல் அவர் ஜெயிலுக்குப் போனார்.

சரி, பவர் வேண்டாம், கோர்ட்டில் கார்டியன் ஆகலாமே? இங்கேதான் எனக்கு நிஜமாவே தலை சுத்திச்சு. 1890-ஆம் வருஷத்து கார்டியன் சட்டம் மைனர்களுக்கு மட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தைத் தானே நிர்வகிக்க முடியாத ஜமீன்தார்களுக்கு 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' இருந்தது. மதராஸில் 1804-லேயே வந்துவிட்டது. பாஸ்கர சேதுபதி சிறுவனாக இருந்தப்போ ராமநாதபுரம் ஜமீனை 1889 வரை அதுதான் பார்த்துக்கொண்டது. சர்க்காருக்கு வரவேண்டிய கிஸ்தி நிற்கக் கூடாதே! ஒரு கிரவுண்டு வைத்திருக்கும் கிழவிக்கு அதில் இடம் கிடையாது.

மற்றவர்களுக்கு 1912-ஆம் வருஷத்து பைத்தியச் சட்டம் (அப்போ பேரே அப்படித்தான்). மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை நியமிக்கும். அதன் இடத்தில் வந்த 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு இருந்தது. 2017-ல் வந்து 2018 மே மாதம் அமலான புது மனநலச் சட்டம் நோயாளியின் உரிமைகளைப் பற்றி நல்லா பேசுது. ஆனா சொத்துக்குக் கார்டியன் நியமிக்கும் அத்தியாயம் மொத்தமும் காணோம்.

அதனால் இப்போ ஆட்கள் ரிட் மனுவோடு ஹைகோர்ட் படியேறுகிறார்கள். கேரள ஹைகோர்ட் 2019-ல் கோமாவில் இருப்பவர்களுக்காக வழிமுறை வகுத்தது. 2024-ல் நம்ம ஹைகோர்ட்டில் கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க ஒரு மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல, நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அவரையே கார்டியனாக நியமித்து, பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பேரில் டெபாசிட் போடச் சொன்னது. பாருங்க, கேட்டது மனைவி, அதுக்கே அப்பீல் வரைக்கும் போகணும். பவர் பத்திரத்துக்கு ஒரு மத்தியானம் போதும். ஜனங்க எதைத் தேர்ந்தெடுப்பாங்க?

தாம்பரம் பக்கம் இது ஏன் பெரிய விஷயம்னு சொல்லணும். பீச்-தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. மெட்ராஸில் வாடகைக்கு இருந்த சம்பளக்காரர்கள் குரோம்பேட்டை, சேலையூர், மாடம்பாக்கம்னு வேலியில்லாத மனைகளை வாங்கிப் போட்டார்கள். பிள்ளைகள் எங்களை மாதிரி பெங்களூர், நியூஜெர்சி. மனை விலை மட்டும் ஐ.டி. கம்பெனிகளோடு சேர்ந்து ஏறிவிட்டது. வயசான ஓனர், காலி மனை, தூரத்தில் பிள்ளைகள். வேற என்ன வேணும்?

அரசும் சும்மா இல்லை. 2011 அக்டோபரில் சுராஜ் லேம்ப் வழக்கில் சுப்ரீம் கோர்ட், பவர் மட்டும் வைத்து 'வாங்கினால்' சொத்து கைமாறாது என்றது. அதே வருஷம் தமிழ்நாட்டில் நில அபகரிப்பு தடுப்புப் பிரிவுகள் வந்தன. எது அபகரிப்பு என்று வரையறையே இல்லை என்று 2015-ல் ஹைகோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2012 டிசம்பர் 1 முதல் நிலம் சம்பந்தப்பட்ட பவரைப் பதிவு செய்வது இங்கே கட்டாயம். 2022-ல் போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யும் 77-ஏ பிரிவு வந்தது. அதையும் ஹைகோர்ட் 2024-ல் செல்லாது என்றது. 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு, கவனித்துக்கொள்வதாக எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்ட பிள்ளைகளின் பத்திரத்தை ரத்து செய்ய உதவுது. கோட்டாட்சியர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனா பவர் வைத்து வெளியாளுக்கு விற்றுவிட்டால் அது அவ்வளவு சுலபமாக எட்டாது.

ஞாயித்துக்கிழமை வரைவை பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியா படிச்சேன். நல்லா தெளிவா இருந்த நாள். 'விற்க' வந்ததும் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க.

"இது எதுக்குடா? வரி கட்டத்தானே போறே?"

எனக்கு பதில் வரலை. அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். அந்த வரியையும் அடமானத்தையும் அடிச்சுட்டு, வரிக்கும் பட்டாவுக்கும் மட்டும் ஸ்பெஷல் பவர்னு மாத்தினோம். பதிவுக்கு முன்னாடி டாக்டரிடம் காட்டி, புரிந்துதான் கையெழுத்துப் போடுகிறார் என்று எழுதி வாங்கணும்.

"விக்கறதா இருந்தா என்கிட்ட கேட்டுட்டு செய்"ன்னாங்க. சரின்னு சொல்லிட்டேன். இன்னும் இரண்டு வருஷம் கழிச்சு வைத்தியச் செலவுக்கே விற்க வேண்டி வந்து, அப்போ பாட்டிக்கு மனை எதுன்னே தெரியலைன்னா, யாரிடம் கேட்பேன்? இந்த நாட்டு சட்டத்தில் அதுக்கு இன்னும் ஒழுங்கான பதில் இல்லை.

உங்க வீட்டில் எப்படி சமாளிச்சீங்கன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, கோடு அடிக்கிறவன். கையெழுத்துப் போடும் முன் ஒரு நல்ல வக்கீலைப் பாருங்க. அந்த ரைட்டரை மட்டும் நம்பாதீங்க.