கேட்டபின் பேசும் கம்பி

ஆசிரியர் இல்லாத ஒரு வகுப்பறையை நேயர்கள் மனத்திற் கொள்ளுக. நாற்பது மாணவர் ஒரே நேரத்திற் பேசினால் எஞ்சுவது இரைச்சலே. கண்காணிப்பவர் ஒருவரும் இன்றி அம்மாணவர் முறையாகப் பேசிக்கொள்ள இயலுமா? இக்கேள்விக்குக் கம்பியின்மீது விடை கண்டவர்களின் வரலாற்றையே இன்று கூறவிருக்கின்றேன். அவர்கள் கண்ட முறைக்கு ஈதர்நெற் என்பது பெயர்.

பழைய தொலைபேசி முறையிலே இச்சிக்கல் எழவில்லை. இருவர் பேசத் தொடங்கியதும் நிலையம் அவர்களுக்கெனத் தனிவழி ஒன்றை ஒதுக்கிவிடும். அவர்கள் பேசினும் மௌனமாயிருப்பினும் அவ்வழி பிறருக்கு இல்லை. உறுதியான ஏற்பாடுதான், ஆனால் விரயம் மிக்கது. கணினிகளோ ஒரு கணம் பேசி, நெடுநேரம் வாளா இருப்பவை. அவற்றுக்கு இம்முறை பொருந்தவில்லை.

1971ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்றாம்சன் என்பாரும் அவர்தம் குழுவினரும் தீவுகளிடையே வானொலி அலைமூலம் கணினித் தொடர்பு அமைத்தனர். அலோஹா எனப்பட்ட அவ்வமைப்பிலே எந்நிலையமும் எந்நேரமும் செய்தி அனுப்பலாம். இரு செய்திகள் மோதி அழிந்தால், சிறிது பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். எளிய முறையே. ஆயினும் மோதல்கள் மிகுதியாதலால், வழியின் ஆற்றலில் ஏறத்தாழ 18 வீதத்துக்கு மேற் பயன்கொள்ள இயலாது எனக் கணக்கிடப்பட்டது.

இதனை ஆராய்ந்தவருள் ஒருவர் றொபேட் மெற்காஃப். அவர் கலிபோர்ணியாவிலிருந்த செறொக்ஸ் ஆய்வு நிலையத்திலே பணியாற்றியவர். 1973 மே 22ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பிலே ஈதர்நெற் என்னும் பெயர் இடம்பெற்றது. ஒளியைத் தாங்கிச் செல்வதாக முன்னாளில் அறிஞர் கற்பித்த ஈதர் என்னும் பொருளின் பெயரையே அவர் எடுத்தாண்டார். டேவிட் பொக்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் அமைத்த கம்பி, வினாடிக்கு 2.94 மில்லியன் பிற்றுகளைக் கொண்டுசென்றது. அதற்கு வகுத்த ஒழுங்குகள் மூன்றே: பேசுமுன் கேள், பேசும்போதும் கேள், மோதல் நேர்ந்தால் நிறுத்தி, தற்செயலான ஓர் இடைவெளி பொறுத்து மீண்டும் முயல்க. மறுபடி மோதினால், பொறுக்கும் காலத்தின் எல்லை இரட்டிக்கும். தலைவர் எவரும் இலர்; ஒழுங்கு மட்டும் உண்டு.

1980ஆம் ஆண்டு மூன்று நிறுவனங்கள் சேர்ந்து, வினாடிக்கு 10 மில்லியன் பிற்று வேகமுடைய ஈதர்நெற்றுக்கு விதிமுறை வெளியிட்டன. 1990இல் தொலைபேசிக் கம்பி போன்ற முறுக்கிய இணைக்கம்பியிலும் அது செல்லலாயிற்று. பின்னர் ஒவ்வொரு கணினிக்கும் தனிக்கம்பி கொடுத்து, நடுவிலே பொதிகளைப் பிரித்தனுப்பும் கருவி வைத்தனர். ஒரே வேளையில் அனுப்பவும் பெறவும் 1997இல் விதி பிறந்தது. அவ்வாறு இணைந்த கம்பியில் மோதல் என்பதே ஒழிந்தது.

இத்தனைக்கும் பின்னரும் தொலைபேசித் துறையினரின் ஐயம் நீங்கவில்லை. தற்செயலை நம்பிப் பிறந்த ஒன்றிடம் ஊரின் அவசர அழைப்பை ஒப்படைக்கலாமா என அவர்கள் வினவினர். நியாயமான வினாவே. ஆயினும் ஈதர்நெற்றின் மலிவும் வேகமும் அவர்தம் நிலையங்களின் வாயிலைத் திறந்தன. வாக்குறுதியால் அன்று, சோதனையாலேயே அந்த ஐயம் தணிந்தது.

இன்று தொலைத்தொடர்பு நிலையமொன்றிலே ஈதர்நெற் மொடியூல் பொருத்தும் ஊழியரைக் காணுங்கள். உடலிலுள்ள நிலைமின் நுண்ணிய உறுப்புகளைச் சிதைக்காதவாறு, நிலத்துடன் இணைந்த பட்டியை மணிக்கட்டிற் கட்டுகின்றார். மொடியூலைத் தடத்திலே மெல்லச் செலுத்துகின்றார். சிறு விளக்கு எரிகின்றது. பலர் அத்துடன் வேலை முடிந்தது என்பர். உண்மையிலே இருமுனைகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்பதற்கு மேல் அவ்விளக்கு ஒன்றும் கூறுவதில்லை.

ஆகவே, வந்த பொதிகளைத் திருப்பியனுப்புமாறு மறுமுனையை அமைத்துவிட்டு, அவர் எண்ணத் தொடங்குகின்றார். 1999இல் வெளியான சோதனை முறையொன்று, 64 பைற்று முதல் 1518 பைற்று வரை ஏழு அளவுப் பொதிகளை அனுப்பிப் பார்க்கச் சொல்கின்றது. ஒரு பொதியேனும் தொலையாமல் எவ்வளவு வேகம் தாங்கும்? போய்வர எத்துணை நேரம்? சுமை கூடும்போது எத்தனை பொதிகள் வீழும்? ஒரே கம்பியிற் பல சேவைகள் கூடியபின், அவற்றை ஒருங்கே சோதிக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2011இல் வகுத்தது.

பெரிய பொதிகளை மட்டும் அனுப்பிப் பார்த்துத் திருப்தியடைவாரும் உளர். சிறு பொதிகளே வினாடிக்கு மிகுதியாக வந்து கருவியைத் திணறச் செய்வன. குரலைச் சுமப்பனவும் பெரும்பாலும் அவையே. இலேசான வினாக்களை மட்டும் கேட்டு மாணவனைத் தேர்ச்சியடையச் செய்வது அவனுக்கு நாம் இழைக்கும் தீங்கு என்பதைப் பரீட்சைத் தாள் திருத்தும் நாங்கள் அறிவோம். வழியின் குறையைச் சோதனையில் அறிவதே மேல். நள்ளிரவில் மருத்துவரை அழைக்கும் ஒரு தாய் அதனை அறியும் நிலை வரலாகாது. கேட்டபின் பேசு என்பது ஈதர்நெற் கற்பித்த முதற்பாடம். சோதித்தபின் நம்பு என்பது அது தொலைபேசி நிலையத்துக்குள் நுழைந்தபோது கற்றுக்கொண்ட இரண்டாம் பாடம்.