இரண்டாம் கதைக்கு வயது வேண்டும்

ஒரு கதைக்கு இரண்டாம் பாகம் சொல்ல வருகிறவர், இடையில் ஓடிய காலத்துக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கின் வரலாறு அதைத்தான் காட்டுகிறது. அங்குள்ள செமோர் வட்டாரத்துக்கு ஒரு காலத்தில் சோறு போட்டவை ஈயச் சுரங்கங்களான லம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் குளங்களாகத் தேங்கின. பால்மரங்கள் சாய்ந்த நிலங்களில் தாமான் குடியிருப்புகள் எழுந்தன. தோட்ட லயத்தில் பிறந்த பிள்ளைகள் தாமான் வீடுகளில் பெற்றோர் ஆனார்கள். இதே பள்ளத்தாக்கில், கோப்பெங் பக்கத்துக் கம்பத்தில் 1951இல் பிறந்த ஓவியர் லாட், இப்படி ஒரு மாற்றத்தை முன்பே வரைந்துவிட்டார். 1979இல் வந்த அவருடைய ‘கம்போங் பாய்’ கதையில், கம்பத்து நிலத்தைத் தேடி ஈயக் கம்பெனி வருகிறது. 1981இல் வந்த ‘டவுன் பாய்’ அந்தப் பையனை ஈப்போவில் இளைஞனாக்குகிறது. பிராங்கி என்ற சீன நண்பனைத் தருகிறது. படிக்க இங்கிலாந்து புறப்படும் அந்த நண்பனை ரயில் நிலையத்தில் வழியனுப்பவும் வைக்கிறது. இரண்டு நூல்களுக்கு இடையே இரண்டே ஆண்டு. ஆனால் கதைக்குள் ஒரு பிள்ளைப்பருவமே கடந்துபோகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பிக்சார் நிறுவனத்துக்காக பிராட் பேர்ட் இயக்கிய, சூப்பர் நாயகக் குடும்பத்தைப் பற்றிய கார்ட்டூன் படமான ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ ஏன் ஏமாற்றம் தருகிறது என்பது தெளிவாகும். முதல் படம் வந்தது 2004இல், இரண்டாவது 2018இல். பதினான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகும், முதல் படம் முடிந்த அதே கணத்திலேயே கதை தொடங்குகிறது. கைக்குழந்தை ஜாக்-ஜாக் இன்னும் கைக்குழந்தைதான். முதல் படத்தில், ஒதுங்கி வாழும் தந்தை பாப்பை வேலை தருவதாக அழைத்து வலையில் சிக்க வைத்தவன் பிறவிச் சக்தி இல்லாத ஒரு கருவி வல்லுநன். இரண்டாவதில் அழைப்பு தாய் ஹெலனுக்கு வருகிறது. வலை விரிப்பவளும் கருவி வல்லுநர்தான். நாயகர்களை நம்பியே மக்கள் பலவீனமாகிறார்கள் என்று அவள் வைக்கும் வாதம் கனமானது. படமோ அதற்குப் பதில் சொல்லாமல், சண்டையில் அவளைப் பிடித்ததோடு முடித்துக்கொள்கிறது.

படம் உலகெங்கும் 120 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததே, விமர்சகர்களும் பாராட்டினார்களே என்று கேட்கலாம். வசூல், முதல் படத்தின்மேல் மக்கள் வைத்திருந்த அன்புக்குச் சான்று. இரண்டாவது படம் புதிதாக ஒன்றைச் சொன்னது என்பதற்குச் சான்றாகாது. தாய் வேலைக்குப் போக, தந்தை பிள்ளை வளர்ப்பில் திணறும் பகுதி புதியதுதான், நல்லதும்கூட. ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பால்மரம் வெட்டிய தோட்டக் குடும்பங்களுக்கு, தாய் வேலைக்குப் போவது வியப்பான செய்தி அல்ல. தோட்டங்களில் அது அன்றாட வாழ்க்கை.

கார்ட்டூன் பிள்ளைகள் வளரக் கூடாது, அதுதானே அந்தக் கலையின் மரபு என்பது இன்னொரு மறுப்பு. அதை உடைத்ததே பிக்சார்தான். 1999இல் வந்த இரண்டாம் பாகத்துக்குப் பிறகு 2010இல் வந்த ‘டாய் ஸ்டோரி 3’ படத்தில், சிறுவன் ஆண்டி வளர்ந்து கல்லூரிக்குப் புறப்படுகிறான். படத்தின் உயிரே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. மலேசியாவின் சொந்தச் சூப்பர் நாயகனான போபோய்பாயும் அப்படித்தான். 2011இல் டிவி3இல் சிறுவனாக அறிமுகமான அவன், 2016இல் தொடங்கிய அடுத்த தொடரில் தோழன் கோபாலோடு வளர்ந்து நிற்கிறான். ஆக, கார்ட்டூன் கலை வயதைத் தடுக்கவில்லை. பேர்ட் வயதை ஒதுக்கினார். அதனால்தான் அந்தக் குடும்பம் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

லயத்தில் தொடங்கிய செமோர்த் தமிழரின் கதைக்கு இரண்டாம் பாகம் இன்று தாமானில் நடந்துகொண்டிருக்கிறது. அதை வரையவும் எழுதவும் படமாக்கவும் வரும் இளையோரிடம் கேட்பது ஒன்றுதான்: கதையில் பிள்ளைகளை வளர விடுங்கள்.