பிறர் கைபட்ட திராட்சை இரசம்

பகைவரின் பாளையத்துக்குப் புறப்படும் யூதித்து, உணவோடு ஒரு தோற்பை திராட்சை இரசத்தையும் பணிப்பெண்ணிடம் கொடுத்து எடுத்துச் செல்கிறார் (யூதி 10:5). பாபிலோன் அரசனின் இரசத்தைத் தானியேல் மறுக்கிறார் (தானி 1:8). கிரேக்க எஸ்தர் நூலில், சிலைகளுக்குப் படைத்த இரசத்தைத் தான் குடித்ததில்லை என்று அரசி மன்றாடுகிறார். திருவிவிலியத்தின் இப்பகுதிகளுக்குப் பின்னால் யூதரின் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது.

அந்நாளில் பிற இனத்தார் குடிக்கும் முன் சிறிது இரசத்தைத் தம் தெய்வங்களுக்கு ஊற்றுவர். இப்படி வார்க்கப்பட்டதை யூதர் 'யாயின் நெசெக்' என்று விலக்கினர். பின்னர் இரபிகள் வேலியை அகலமாக்கினர். யூதரல்லாதார் செய்த இரசமும், திறந்த பாத்திரத்தில் அவர் கைபட்ட இரசமும் கூடாது என்றனர். சேர்ந்து குடித்தால் கலப்புத் திருமணம் வரும் என்ற அச்சமும் தால்முதில் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. காய்ச்சிய இரசம் பலிபீடத்துக்கு உதவாது. ஆகவே அதை யார் பரிமாறினாலும் தடையில்லை. இச்சட்டம் திராட்சைக்கு மட்டுமே. கடலூர்ப் பக்கத்துப் பனங்கள்ளுக்கு இது பொருந்தாது. அதற்கு 1987 முதல் அரசின் தடைதான் உண்டு!

'கைபட்டால் ஆகாது' என்றதும், சிதம்பரம் பகுதி மக்களாகிய நமக்குத் தில்லைக் கோயிலுக்கு வெளியே நின்ற நந்தனார் நினைவுக்கு வருவார். இரண்டும் ஒன்றல்ல. யூத மறையைத் தழுவியவர் அன்று முதல் இரசத்தைத் தொடலாம். ஓய்வுநாளை வெளிப்படையாக மீறுபவரோ யூதராகவே பிறந்திருந்தாலும் அவர் கைபட்டது ஆகாது என்பது இரபிகளின் தீர்ப்பு. அங்கே கேள்வி வழிபாட்டைப் பற்றியது. பெரியபுராணம் காட்டும் தீட்டோ பிறப்போடு வருவது.

ஆனால் சட்டம் ஒன்று, நடப்பு வேறு. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக்கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்கள் மற்றவரோடு சமமாக அமர முடியவில்லை. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம், காந்தியடிகளின் வழியில் சத்தியாகிரகம் செய்தார். நாம் அவர்களைக் குறைசொல்ல முடியுமா? நமது புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில், 2008-ல் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டுப் போராட வேண்டியிருந்ததே!

தூய இரசம் கிடைக்காத நம் நாட்டில் யூதர்கள் என்ன செய்தார்கள்? உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றை ஓய்வுநாள் கிண்ணத்தில் வார்த்தார்கள். மும்பை, கொங்கண் பகுதி பெனே இஸ்ரயேலர் அதைச் சர்பத் என்பர். வீட்டிலேயே செய்வதால் பிறர் கைபட்டதோ என்ற ஐயம் எழாது. வியப்பு என்னவெனில், மலபார்க் கிறிஸ்தவர்களும் இதையே செய்தார்கள். 1501-ல் போர்த்துகீசியக் கப்பலில் லிஸ்பன் சென்ற கொடுங்கல்லூர்க் குரு யோசேப்பு, தம் மக்கள் திருப்பலிக்கு ஊறவைத்த உலர்திராட்சைச் சாற்றைப் பயன்படுத்துவதாக ஐரோப்பியரிடம் கூறினார். இன்றைய திருச்சபைச் சட்டம் 924, இரசம் திராட்சையிலிருந்து இயற்கையாகக் கிடைத்ததாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது. பிழிந்தவர் யார் என்று அது கேட்பதில்லை.